சியாட்டில் போர்ட்: கப்பலுக்கு ஒரு நியாயம், விமானத்துக்கு ஒரு நியாயமா?

பியூரியன்வாசி

சியாட்டில் போர்ட் என்றதும் நம் ஆட்கள் பலருக்கு கன்டெய்னரும் ஆரஞ்சு நிறக் கிரேனும்தான் ஞாபகம் வருகிறது. சீ-டாக் விமான நிலையத்தை நடத்துவதும் அதே போர்ட்தான். அலாஸ்கா போகிற சொகுசுக் கப்பல்களுக்குத் துறை கொடுப்பது, சுற்றுலா விளம்பரத்துக்கு மானியம் கொடுப்பது, இந்த வருடத்துக்குள் கார்பனை இவ்வளவு குறைப்போம் என்று இலக்கு வைப்பது, எல்லாம் அதே போர்ட்தான். மேலே இருப்பது ஐந்து கமிஷனர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டிலும் பக்கத்து ஊர்களும் அடங்கிய கிங் கவுன்டி முழுக்க ஓட்டுப் போட்டு நான்கு வருடத்துக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒற்றைப்படை வருடங்களில் தபாலில் வரும் ஓட்டுச் சீட்டில் இவர்கள் பெயர் எங்கேயோ கீழே இருக்கும், பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதனால்தான் இந்த இழையைத் திறக்கிறேன்.

என் கேள்வி இது. 2024இல் கமிஷன் ஒரு உத்தரவு போட்டது: 2027 சீசனிலிருந்து இங்கிருந்து புறப்படுகிற எல்லா சொகுசுக் கப்பலும் துறையில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு கரை மின்சாரத்தில் இணைய வேண்டும். நல்ல முடிவு, நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே ஐந்து பேரிடம் விமானத்தைப் பற்றிப் பேசினால், ராத்திரி விமானங்களைக் குறையுங்கள், எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள் என்று விமான நிலையத்தைச் சுற்றி இருக்கும் பியூரியன், டெ மொய்ன், சீடாக் நகர மக்கள் கேட்டால், அது மத்திய அரசின் அதிகாரம் என்று பதில் வருகிறது. இடம் இரண்டுமே போர்டுடையதுதானே? ஒரு இடத்தில் வீட்டுக்காரர் மாதிரி நிபந்தனை போட முடிகிறவர்களுக்கு இன்னொரு இடத்தில் ஏன் முடியவில்லை?

மலைமுகடு

நியாயமான கேள்விதான், ஆனால் பதில் சட்டத்தில் இருக்கிறது, கமிஷனர்களின் மனதில் இல்லை. 1978இல் விமான சேவையின் மேல் இருந்த கட்டுப்பாடுகளை அமெரிக்கா எடுத்துவிட்டது. எந்த நிறுவனம் எங்கே எத்தனை தடவை பறக்கலாம் என்பதை நிறுவனங்களே முடிவு செய்யலாம், விமான நிலையம் குறுக்கே நிற்கக் கூடாது. அப்புறம் 1990இல் ஒரு சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு விமான நிலையம் புதிதாக ஊரடங்கு நேரமோ எண்ணிக்கை வரம்போ கொண்டுவர வேண்டுமென்றால் எஃப்ஏஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும் அல்லது விமான நிறுவனங்களே சம்மதிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த ஒப்புதல் கிடைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

கலிஃபோர்னியாவில் ஆரஞ்ச் கவுன்டியின் ஜான் வெய்ன் விமான நிலையத்தில் ராத்திரிக் கட்டுப்பாடும் பயணிகள் எண்ணிக்கைக்கு வரம்பும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது 1985இல் நீதிமன்ற சமரசத்தில் வந்தது. 1990க்கு முந்தியது என்பதால் தப்பித்தது. சீ-டாக்கில் அதே 1990இல் ஒரு சமரசம் நடந்தது, ஆனால் அது அந்தக் காலத்து அதிகச் சத்தம் போடும் பழைய விமானங்களை வெளியேற்றுவதற்கு. இன்றைக்குப் பறக்கிற விமானம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் அமைதியானது. எண்ணிக்கைதான் ஏறிக்கொண்டே போகிறது.

இன்னொன்று, எஃப்ஏஏ மானியம் வாங்கும்போது, எல்லா நிறுவனங்களுக்கும் பாகுபாடு இல்லாமல் திறந்து வைப்பேன் என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அதை மீறினால் மானியத்துக்கே ஆபத்து. கப்பல் துறைக்கு இப்படி ஒரு கட்டு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கணக்கர்

சட்டத்தோடு பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. "என் சொத்து வரியில் விமான நிலையம் நடக்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். நடக்கவில்லை. போர்ட் வசூலிக்கிற சொத்து வரி வருடத்துக்கு 8 கோடி டாலரைத் தாண்டும், அது துறைமுகப் பக்கம், சுற்றுச்சூழல் சுத்திகரிப்பு, பழைய கடன், பிராந்தியப் போக்குவரத்து வேலைகள் என்று போகிறது. விமான நிலையம் தரையிறங்கும் கட்டணம், டெர்மினல் வாடகை, பார்க்கிங், கடை வாடகை, கடன் பத்திரம், டிக்கெட்டில் சேரும் பயணிக் கட்டணம் இவற்றில் ஓடுகிறது. 1982 சட்டப்படி விமான நிலையத்தில் வந்த பணத்தை விமான நிலையத்துக்கு வெளியே செலவழிக்கக் கூடாது.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சத்தமும் புகையும் வேலிக்கு வெளியே போகின்றன, பணம் மட்டும் வேலியைத் தாண்ட முடியாது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, பூங்காவுக்கு, மருத்துவ ஆய்வுக்கு அந்த வருமானத்திலிருந்து கொடுப்பதென்றால், விமானச் சத்தத்தோடு நேரடித் தொடர்பு இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நிரூபிக்க வேண்டும். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஜன்னல், கதவு மாற்றி சத்தத் தடுப்பு செய்து கொடுத்திருக்கிறார்கள், 1985லிருந்து நடக்கிற திட்டம் அது. தெற்குக் கிங் கவுன்டிக்கென்று தனி நிதி ஒன்றும் சொத்து வரியிலிருந்து வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்தின் பாதிப்புக்கு ஈடு செய்ய விமான நிலையத்தின் பணத்தைத் தொட முடியாமல் வீட்டு வரியை எடுக்க வேண்டியிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

பியூரியன்வாசி

கணக்கர் சொன்னது யாரும் பேசாத விஷயம், நன்றி. மலைமுகடு சொன்ன சட்டத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்ட பிறகும் என் கேள்வி நிற்கிறது. பறக்கிறதைத் தடுக்க முடியாது, சரி. கட்டுகிறதை? டெர்மினல் கட்டுவதும் கேட் கூட்டுவதும் எஃப்ஏஏ வேலை இல்லையே, ஐந்து கமிஷனர்கள் ஓட்டுப் போட்டால்தான் செங்கல் வைக்க முடியும்.

சீ-டாக் மொத்தமே சுமார் 2,500 ஏக்கர். டென்வர் விமான நிலையம் 33,000 ஏக்கருக்கு மேல். இவ்வளவு சின்ன இடத்தில் 2024இல் 5 கோடியே 26 லட்சம் பயணிகள் வந்து போனார்கள், அதுவரை இல்லாத எண்ணிக்கை. மூன்றாவது ஓடுபாதை 2008இல் திறந்தபோது பயணிகள் எண்ணிக்கை 3 கோடியே 20 லட்சத்தை ஒட்டி இருந்தது. அந்த ஓடுபாதைக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவு. ஒரு கோடி கன கெஜத்துக்கும் அதிகமான மண்ணைக் கொட்டி, மில்லர் ஓடைப் பக்கம் ஈரநிலத்தை நிரப்பிக் கட்டினார்கள். அப்போது சொன்ன காரணம் என்ன? பழைய இரண்டு ஓடுபாதைகளும் மிக நெருக்கமாக இருக்கின்றன, மேகம் தாழ்ந்த நாளில் ஒரே வரிசையில்தான் இறக்க முடிகிறது, தாமதத்தைக் குறைக்கத்தான் மூன்றாவது. அந்தக் காரணம் உண்மைதான். ஆனால் தாமதத்துக்காகக் கட்டிய இடம் வளர்ச்சிக்கான இடமாக மாறிவிட்டது. இப்போது அடுத்த மாஸ்டர் பிளான்: 31 திட்டங்கள், அதில் 19 கேட்டுகளோடு இரண்டாவது டெர்மினல்.

சரக்குமுனை

ஓடுபாதையால் மட்டும் கூட்டம் கூடவில்லை. 2014 வாக்கில் டெல்டா சீ-டாக்கைத் தன் மையமாக்கியது, அலாஸ்கா ஏர்லைன்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை, இரண்டும் போட்டி போட்டு விமானங்களைக் கூட்டின. அதோடு அமேசான், மைக்ரோசாஃப்ட் என்று வேலைக்கு வந்து குவிந்த நாம் எல்லோரும் பயணிகள்தான். வருடா வருடம் ஊருக்குப் போகிறோம், அப்பா அம்மாவை ஆறு மாதத்துக்கு அழைத்து வருகிறோம். டெர்மினல் கட்டாவிட்டால் விமானம் குறையாது. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு கேட்டுக்காகத் தரையில் காத்து நிற்கும், புகை இன்னும் கூடும்.

நான் சரக்குப் போக்குவரத்தில் வேலை செய்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இந்தப் போர்ட் எப்படி வந்தது என்று மறந்துவிடுகிறோம். 1911க்கு முன்னால் சியாட்டில் கடற்கரை ரயில் கம்பெனிகளின் கையில் இருந்தது. யார் சரக்கு இறக்கலாம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அவர்கள் வைத்த சட்டம். அந்த வருடம் மாநிலச் சட்டமன்றம் வழிவிட்டது, செப்டம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு பொதுத் துறைமுகத்தை உண்டாக்கினார்கள். விமான நிலையமும் அப்படித்தான். போர்க் காலத்தில் வேறு யாரும் முன்வராதபோது 1942இல் போர்ட் ஏற்றுக்கொண்டது, டகோமா நகரம் 1 லட்சம் டாலர் கொடுத்துத் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கு நாம் கமிஷன் கூட்டத்துக்குப் போய் மைக் பிடித்துக் கேள்வி கேட்க முடிகிறதென்றால் அது பொதுச் சொத்து என்பதால்தான். தனியாரிடம் இருந்தால் யாரிடம் கேட்பீர்கள்?

மலைமுகடு

பொதுச் சொத்து என்பது உண்மை. அதற்காகக் கண்காணிப்பு தானாக வந்துவிடாது. 2007 கடைசியில் மாநிலத் தணிக்கை அலுவலகம் போர்டின் கட்டுமான ஒப்பந்தங்களை ஆராய்ந்து சுமார் 9 கோடியே 70 லட்சம் டாலர் வீண் என்று சொன்னது, மூன்றாவது ஓடுபாதை வேலைகளும் அதில் உண்டு. பத்து வருடம் கழித்து, ஊழியர்களுக்கு ஒட்டுமொத்தமாகக் கொடுத்த 47 லட்சம் டாலர் செல்லாது என்று அதே அலுவலகம் சொன்னது. இரண்டு தடவையும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது கமிஷன் இல்லை, மாநிலத் தணிக்கை. ஐந்து பேருக்கும் இது முழுநேர வேலை கிடையாது, எதிரே உட்காருவது முழுநேர அதிகாரிகளின் பெரும் படை.

பீக்கன்குன்று

அக்கா, அண்ணன்மார் எல்லோரும் பியூரியன் பக்கமே பேசுகிறீர்கள், தரையிறங்கும் பாதை சியாட்டில் நகரத்துக்கு மேலேயும் இருக்கிறது. பீக்கன் ஹில்லில் இருக்கிறேன், வடக்கிலிருந்து இறங்கும் நாட்களில் எங்கள் தலைக்கு மேல்தான். சத்தத்தைவிட என்னைப் பயமுறுத்துவது காற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டமன்றத்தின் பணத்தில் ஒரு ஆய்வு செய்து 2019 டிசம்பரில் வெளியிட்டது. சாலையிலிருந்து வரும் நுண்துகளையும் விமானத்திலிருந்து வரும் நுண்துகளையும் பிரித்தறிய முடியும் என்று காட்டினார்கள். விமானத் துகள்கள் இன்னும் சின்னவை, அவை இறங்கும் பாதைக்குக் கீழே அதிகமாக இருந்தன. அந்த அளவு துகளுக்கு மத்திய அரசு இன்னும் தரமே வைக்கவில்லை. தரம் இல்லை என்றால் மீறலும் இல்லை, அப்புறம் யாரிடம் போய்ப் புகார் செய்வது?

அந்தப் பாதைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் குடியேறியவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், விமான நிலையத்திலேயே வேலை செய்கிறவர்கள். பியூரியன், டெ மொய்ன், சீடாக் மூன்று நகரங்களும் சேர்ந்து ஒன்றேகால் லட்சம் பேர்கூட இல்லை. கிங் கவுன்டியில் 22 லட்சத்துக்கு மேல். கவுன்டி முழுக்க ஓட்டு என்கிறபோது பெல்வியூவிலும் ரெட்மண்டிலும் இருக்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், அவர்களுக்கு விமான நிலையம் என்றால் பார்க்கிங் கிடைக்குமா என்பது மட்டும்தான். கமிஷனர் தேர்தலைத் தொகுதிவாரியாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஒரு தொகுதியாவது தெற்குக் கிங் கவுன்டிக்கு முழுசாக இருக்கும்.

சரக்குமுனை

தொகுதி வந்தால் ஐந்தில் ஒருவர் உங்களுக்காகப் பேசுவார், மற்ற நாலு பேருக்கு அந்தப் பக்கம் ஓட்டே கிடையாது, திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்போது ஐந்து பேருமே அங்கே வந்து ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

பீக்கன்குன்று

வந்து கேட்கிறார்களா என்பதுதான் அண்ணா பிரச்சினை.

அலைகடல்

கப்பல் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி இழை போகிறது, அங்கேயும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கரை மின்சாரத்தில் எனக்கு மறுப்பே இல்லை. 66ஆம் துறைக்கு மின்சாரம் கொண்டுவர எலியட் விரிகுடாவில் கடலுக்கு அடியில் கேபிள் போட்டார்கள், 4 கோடி டாலருக்கு மேல் ஆனது, 2024இல் வேலைக்கு வந்தது. நகர மின்வாரியத்தின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால் பலன் முழுசாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரு கப்பல் இங்கே துறையில் நிற்பது பகலில் சில மணி நேரம், அப்புறம் ஒரு வாரம் அலாஸ்காவுக்குப் போய்த் திரும்புகிறது. அந்த வாரம் முழுக்க எரிகிற எண்ணெய் போர்டின் சொந்தக் கார்பன் கணக்கில் வராது. விமானத்துக்கும் இதே கதை. 2040க்குள் நிகர பூஜ்யம் என்று போர்ட் சொல்வது தன் கட்டடம், தன் வண்டி, தான் வாங்கும் மின்சாரம் இவற்றுக்கு. டெர்மினலைச் சூடாக்கவும் பஸ் ஓட்டவும் குப்பைமேட்டு வாயுவை வாங்குகிறார்கள், அதனால் சொந்தக் கணக்கு நிஜமாகவே பாதி அளவுக்கு இறங்கியிருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் ஓடுபாதையிலிருந்து எழும்பிப் போகும் விமானத்தின் எரிபொருளுக்குப் பக்கத்தில் வைத்தால் அது மிகச் சிறியது. 2028க்குள் 10 சதவீதம் மாற்று எரிபொருள் என்று 2017இல் இலக்கு வைத்தார்கள். எரிபொருள் வாங்குவது விமான நிறுவனம், போர்ட் கட்டாயப்படுத்த முடியாது, அதனால் அந்த இலக்கு ஆசையாகவே நிற்கிறது.

சுற்றுலா விஷயம் இதைவிடச் சிக்கல். 2011இல் பணமில்லை என்று மாநிலம் தன் சுற்றுலா அலுவலகத்தையே மூடியது, அந்தச் சமயத்தில் அப்படி ஒரு அலுவலகமே இல்லாத ஒரே மாநிலம் இதுதான். அந்த இடத்தில் ஓரளவு போர்ட் வந்து நின்றது. சின்ன ஊர்களின் சுற்றுலா அமைப்புகளுக்கு மானியம், விமான நிலையத்தில் இலவச விளம்பர இடம் என்று நல்ல வேலைகள் நடக்கின்றன. ஆனால் ஆட்களை வரவழைப்பதில் வெற்றி பெறுகிற நிறுவனமே, வந்த ஆட்களால் ஏறும் கார்பனுக்கும் பொறுப்பு. இரண்டு கையும் ஒரே உடம்பில் இருந்தால் எந்தக் கைக்குப் பலம் அதிகம்? 2023இல் சொகுசுக் கப்பல் பயணிகள் 17 லட்சத்தைத் தாண்டினார்கள். அது ஏறுவது, இறங்குவது இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிற கணக்கு, ஒரே ஆள் இரண்டு தடவை வருவார்.

மறுமுனையையும் பாருங்கள். இந்தக் கப்பல்கள் போய் நிற்கும் அலாஸ்காவின் ஜூனோ நகரம் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் என்று 2024இல் வரம்பு வைத்தது. அப்புறம் 2026 முதல் ஒரு நாளைக்கு எல்லாக் கப்பலும் சேர்த்து 16,000 பயணிகள் படுக்கை, சனிக்கிழமை 12,000 என்று கப்பல் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. சனிக்கிழமை கப்பலே வேண்டாம் என்ற யோசனை 2024 அக்டோபர் வாக்கெடுப்பில் தோற்றது என்பதும் உண்மை. ஆனால் எத்தனை போதும் என்ற கேள்வியை அந்தச் சின்ன ஊர் வாய்விட்டுக் கேட்டது. கப்பலை அனுப்பி வைக்கிற சியாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. 46ஆம் முனையத்தில் கூடுதல் கப்பல் துறை கட்டும் திட்டம் 2020இல் நின்றது கொரோனாவால்தான், போதும் என்று முடிவெடுத்ததால் இல்லை.

புதுவரவு

மூன்று மாதம் முன்னால்தான் கென்ட் பக்கம் வந்தேன், தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். சென்னையில் துறைமுகம் ஒரு ஆணையம், மீனம்பாக்கம் இந்திய விமான நிலைய ஆணையம், சுற்றுலா மாநில அரசு. மூன்றுக்கும் யாரும் ஓட்டுப் போடுவதில்லை. இங்கே எல்லாம் ஒரே இடத்தில், அதுவும் தேர்தலோடு என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அப்படியானால் பக்கத்து நகராட்சிக்கு விமான நிலையத்தின் மேல் ஏதாவது அதிகாரம் உண்டா?

கணக்கர்

நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி, அதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. சீடாக் நகரத்தில் 2013 நவம்பரில் விமான நிலையம், ஹோட்டல் தொழிலாளர்களுக்கு மணிக்கு 15 டாலர் என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். வெறும் 77 ஓட்டில் ஜெயித்தது. விமான நிலையத்துக்குள் நகரச் சட்டம் செல்லாது, அது போர்டின் எல்லை என்று வழக்குப் போட்டார்கள், கீழ் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2015 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று திருப்பியது: விமான நிலையம் இயங்குவதற்குக் குறுக்கே வராதவரை நகரச் சட்டம் உள்ளேயும் செல்லும். பெட்டி தூக்குகிறவர்கள், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள் எல்லோருக்கும் சம்பளம் கூடியது. அப்போதும் இது சட்டப்படி முடியவே முடியாது என்று சொன்னவர்கள் நிறைய.

டகோமாக்காரி

எல்லோரும் சீ-டாக்கை அடக்கு என்கிறீர்கள், அடக்கினால் அது எங்கே போகும்? 2019இல் மாநிலம் இன்னொரு பெரிய விமான நிலையத்துக்கு இடம் தேட ஒரு குழு போட்டது. 2022இல் தெற்கே எங்கள் பக்கம் இருக்கும் பியர்ஸ், தர்ஸ்டன் கவுன்டி இடங்களைப் பட்டியலில் வைத்தார்கள். விவசாயிகள், பழங்குடி மக்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் எழுந்து எதிர்த்தோம், அடுத்த வருடமே அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு வேறு பணிக்குழு வைத்தார்கள். எங்கள் வயலும் பண்ணையும் பியூரியன்காரர்களின் தூக்கத்துக்கு விலை இல்லை. குறுந்தூரத்துக்கு, போர்ட்லாண்டுக்கும் வான்கூவருக்கும், நல்ல ரயில் வந்தால் எத்தனை விமானம் குறையும் என்பதை யாரும் பேசுவதில்லையே.

பியூரியன்வாசி

டகோமாக்காரி அக்கா, உங்கள் வயலைக் கேட்கவில்லை, சத்தியமாக. ரயில் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன்.

சரக்குமுனை, கேட் இல்லாமல் தரையில் காத்து நிற்பார்கள் என்றீர்கள். அதுதான் போர்டின் வாதமும். டெர்மினல் கட்டினாலும் கட்டாவிட்டாலும் பயணிகள் இவ்வளவுதான் வருவார்கள் என்று எடுத்துக்கொண்டால் கட்டடத்தால் பாதிப்பே இல்லை என்றாகிவிடும். மூன்றாவது ஓடுபாதைக்கு அப்புறம் நடந்ததைப் பார்த்த ஊர் இதை எப்படி நம்பும்? இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம் ஒன்று. மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு எஃப்ஏஏ பொறுப்பு, 2024 அக்டோபரில் வரைவு வந்தது. மாநிலச் சட்டப்படி செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வுக்கோ போர்ட்தான் தலைமை அமைப்பு. திட்டம் போடுவதும் போர்ட், அந்தத் திட்டத்தால் பாதிப்பு எவ்வளவு என்று முடிவு சொல்வதும் போர்ட்.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். தன் வழக்குக்குத் தானே நீதிபதி என்று கோபப்படலாம், எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் மலைமுகடு சொன்ன சட்டங்கள் எதுவும் இந்த இடத்தில் குறுக்கே வரவில்லை. மத்திய அரசு கேட்காத கேள்விகளை மாநில ஆய்வில் கேட்க போர்டுக்கு முழு உரிமை இருக்கிறது. நுண்துகளைத் தரம் இல்லாவிட்டாலும் அளக்கலாம், கட்டாமல் விட்டால் பயணிகள் எண்ணிக்கை எங்கே நிற்கும் என்று நேர்மையாகக் கணக்கிடலாம், பறக்கும் விமானத்தின் எரிபொருளை முதல் பக்கத்தில் வைக்கலாம். கப்பலுக்குக் கரை மின்சாரத்தைக் கட்டாயமாக்கியபோது அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை, தங்களிடம் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள்.

மலைமுகடு

இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். சட்டம் கட்டுப்படுத்துவது வானத்தை, கட்டுமானத்தை இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: பொதுக் கருத்து கேட்கும்போது "எங்களுக்குச் சத்தம் தாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அதை ஒரு வரியில் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். எந்த அத்தியாயத்தில் எந்த அனுமானம் தவறு, அதற்கு எந்த அளவீட்டைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் பதில் எழுதியே ஆக வேண்டும். நாளைக்கு வழக்கு என்று போனால் நீதிமன்றம் பார்ப்பதும் அந்தக் கோப்பைத்தான்.

பீக்கன்குன்று

அப்படியென்றால் வேலையைப் பிரித்துக்கொள்வோம். நுண்துகள் பகுதியை நான் எழுதுகிறேன், பல்கலைக்கழக ஆய்வை முழுசாகப் படித்திருக்கிறேன். பணம் வேலியைத் தாண்டாத விஷயத்தைக் கணக்கர் எழுதினால் நல்லது. பயணிகள் எண்ணிக்கை அனுமானத்தைச் சரக்குமுனை அண்ணன் பார்த்துத் தரட்டும். எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர் கண்ணுக்குத்தான் நம் வாதத்தில் ஓட்டை எங்கே என்று தெரியும்.

சரக்குமுனை

பார்த்துத் தருகிறேன். டெர்மினல் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை, ஆனால் கணக்கு ஒளிவில்லாமல் வர வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. வரைவை இந்த இழையிலேயே போடுங்கள், மாஸ்டர் பிளானின் பயணிகள் கணிப்பு அத்தியாயத்தையும் சேர்த்து.